சாப்பாடு அறைக்கே வந்த நாளிலிருந்து

கேள்வி:

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். என் பெற்றோர் இரண்டரை ஆண்டுக்கு முன்பு கும்பகோணம் வீட்டைப் பூட்டிவிட்டுக் கோவைக்கு அருகே ஒரு முதியோர் குடியிருப்புக்குப் போனார்கள். அப்பாவுக்கு 78 வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அம்மாவுக்கு 74. மூன்று வேளைச் சாப்பாடு, துணி துவைப்பது, அறை துடைப்பது எல்லாவற்றையும் நிர்வாகமே பார்த்துக்கொள்கிறது. முதல் ஒரு வருடம் நன்றாகத்தான் இருந்தார்கள். போன ஆடியில் அம்மா காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்திருந்தார். அது சரியாகிவிட்டது. ஆனால் இப்போது சோபாவிலிருந்து எழ இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருக்கிறது. குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். விழுந்துவிடுவோமோ என்று வெளியே வரவே பயம். சாப்பாடு டிபன் கேரியரில் அறைக்கே வந்துவிடுகிறது. கேட்டால், "எனக்கென்ன குறை, எல்லாம் கைக்கே வருது" என்கிறார். அப்பாவைப் பற்றிக் கவலையில்லை. கையில் வாட்ச் கட்டிக்கொண்டு தினமும் நாற்பது நிமிடம் வாக்கிங் போகிறார். சாப்பாட்டுக்கூடம் 200 எட்டு தூரம்தான் என்று அவரே எண்ணிச் சொல்கிறார், அம்மா அசைவதில்லை. முட்டித் தேய்மானம், வயதுதான் காரணம் என்கிறார் மருத்துவர். முழுநேரமும் ஓர் ஆள் வைக்கலாமா? சக்கர நாற்காலி வாங்கிவிடலாமா? இல்லை, பெங்களூருக்கே அழைத்து வந்துவிடட்டுமா? அங்கே கொண்டுபோய் விட்டதே தவறோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை.

— ஒரு மகள்

பதில்:

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நாலைந்து முறை திரும்பப் படித்தேன். "அது சரியாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சல் சரியாகியிருக்கும். அந்த இரண்டு வாரப் படுக்கை அம்மாவின் தொடையிலிருந்து எடுத்துக்கொண்டு போனதை யாரும் திருப்பித் தரவில்லை.

2007இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. நோய் நொடி இல்லாத வயதானவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அளந்து பார்த்தார்கள். பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்திருந்தது. அவர்களுக்குக் காய்ச்சல் கிடையாது, வாய்க் கசப்பு கிடையாது, நேரத்துக்குச் சாப்பாடு வேறு. உங்கள் அம்மா படுத்தது பதினான்கு நாள், காய்ச்சலோடும் கஞ்சியோடும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இளம் வயதில் இப்படிப் போனது தானாகத் திரும்பிவிடும். பிள்ளைக்கு டைபாய்டு வந்தால் ஒரு மாதத்தில் மறுபடி ஓடுகிறான். எழுபதைத் தாண்டியவருக்குத் தானாகத் திரும்பாது, கேட்டு வாங்க வேண்டும். அம்மா எழுந்து நடமாட வேண்டிய அந்த மாதத்தில்தான் டிபன் கேரியர் வந்தது. "ரெண்டு நாளைக்குத்தானே" என்று சமையற்கட்டில் சொல்லியிருப்பார்கள். இந்த இடங்களில் ரெண்டு நாள் என்பது எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை அறைக்கு வந்த சாப்பாடு திரும்பக் கூடத்துக்குப் போனதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் வாட்ச் இங்கே நமக்கு உதவுகிறது. 200 எட்டு என்றால் போய்வர 400. மூன்று வேளையும் நாலு மணிக் காபியும் சேர்த்தால் நாளைக்கு 1,600. அந்தக் கேரியர் தினமும் தூக்கிக்கொண்டு வருவது சாம்பாரை மட்டும் இல்லை, அம்மாவின் 1,600 எட்டுகளையும்தான். இது சின்னத் தொகை என்று நினைத்துவிட வேண்டாம். சராசரி 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்கள் பதினாறாயிரம் பேருக்கு மேல் வைத்து 2019இல் ஓர் ஆய்வு வந்தது. நாளைக்கு 2,700 எட்டு நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டுக்கும் இடையில் உள்ளது வெறும் 1,700 எட்டு. நடந்ததால் நன்றாக இருந்தார்களா, நன்றாக இருந்ததால் நடந்தார்களா என்பதை இந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் 7,500க்கு மேல் நடந்ததில் கூடுதல் வித்தியாசம் தெரியவில்லை என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள். வாட்ச் கட்டியவர்கள் எல்லாரும் துரத்தும் அந்த 10,000 எந்த மருத்துவரும் வகுத்த அளவு கிடையாது. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, நடக்கும் எட்டுகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து வந்தது அது.

சரி, காய்ச்சல் ஒரு பக்கம். அதற்கு முந்தைய கதையும் இருக்கிறது.

முதியவர்களின் அன்றாட இயக்கத்தை அளக்க எங்கள் பிசியோதெரபித் துறையில் இரண்டு பழைய பட்டியல்கள் உண்டு. ஒன்று 1963இல் சிட்னி கேட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் தந்தது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. இவை ஆறும் ஒருவருடைய சொந்த உடம்புக்கான வேலைகள். இரண்டாவது 1969இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லாட்டன், பிராடி என்ற இருவர் தந்தது. போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீடு பராமரிப்பது, துணி துவைப்பது, வெளியூர் உள்ளூர் போய்வருவது, மாத்திரையைத் தானே எடுத்துப் போடுவது, பணம் காசு பார்ப்பது. இந்த எட்டும் ஒரு வீட்டை நடத்துவதற்கான வேலைகள். (அந்தப் பழைய பட்டியலில் சமையல், வீட்டு வேலை, துவைப்பது மூன்றையும் ஆண்களுக்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கும்பகோணம் என்ன, பிலடெல்பியா என்ன!)

அம்மா இப்போது இந்த எட்டில் எத்தனை செய்கிறார்? நான் ஊகிக்கிறேன்: போன் மட்டும். மாத்திரையைக்கூட நர்ஸ் டப்பாவில் பிரித்து வைத்துவிட்டுப் போவார். குடியிருப்பு அந்த இரண்டாவது பட்டியல் முழுவதையும் மாதக் கட்டணத்தில் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டது. விளம்பரத்திலும் அதைத்தான் சொல்கிறார்கள், நாமும் அதற்காகத்தான் பணம் கட்டுகிறோம். ஆனால் வீட்டை நடத்தும் எட்டு வேலைகள்தான் உடம்பை நடத்தும் ஆறு வேலைகளுக்கு வேண்டிய வலுவைத் தினமும் ஊட்டிக்கொண்டிருந்தன. மேலே இருப்பது போனால் கீழே இருப்பது ஆட ஆரம்பிக்கும். பெரும்பாலும் முதலில் ஆடுவது குளியல். உங்கள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் குளியலறையில்தானே?

நான் பிசியோதெரபிஸ்ட். கோவையைச் சுற்றியுள்ள இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்குப் பல வருடமாகப் போய்வருகிறேன். இவற்றை முதியோர் இல்லம் என்றால் அங்கிருப்பவர்களுக்குக் கோபம் வரும், நியாயமான கோபம்தான். சொந்தக் காசில், சொந்த விருப்பத்தில் வந்தவர்கள். வராந்தாவில் ஒரு பாட்டி குனிந்து கீழே கிடக்கும் செய்தித்தாளை எடுக்கப் போனால் மூன்று பக்கத்திலிருந்து ஆள் ஓடிவருவார்கள். "விடுங்க பாட்டி, நீங்க உக்காருங்க, நாங்க எடுத்துத் தர்றோமுங்க." அந்தப் பிள்ளைகளின் மரியாதையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பாட்டி ஒரே ஒருமுறைதான் குனியப் பார்த்தார், அதுவும் போய்விட்டது.

ஓரிடத்தில் நாலு பாட்டிகள் காலையில் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சும் சிரிப்புமாக ஒரு மணி நேரம் போகும். கட்டைத் தூக்கிவர, உட்கார, எழ, குப்பையைக் கொண்டுபோய்க் கொட்ட என்று அவர்களுக்கே தெரியாமல் பத்து முறை எழுந்து உட்காருவார்கள். ஒரு மகன் அமெரிக்காவிலிருந்து வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். "மாசாமாசம் இவ்வளவு கட்டுறேன், எங்க அம்மாவை வெச்சு கீரை ஆய வைக்கிறீங்களா?" என்று மேலாளரிடம் ஒரே சத்தம். மறுநாளிலிருந்து கீரை ஆய்ந்தே வந்து இறங்கியது. மேலாளரை மட்டும் நான் குறை சொல்வதில்லை. பிள்ளைகளுக்குப் பயந்துதான் பாதி இடங்களில் பெற்றோரை உட்கார வைத்திருக்கிறார்கள்.

1960 ஜனவரி முதல் தேதி அமெரிக்காவின் அரிசோனாவில் ஓய்வுபெற்றவர்களுக்காகவே கட்டிய சன் சிட்டி என்ற ஊரைத் திறந்தபோது, ஓய்வுக்குப் பிறகு கோல்ப் ஆடலாம், நீந்தலாம், பட்டறையில் மரவேலை பார்க்கலாம் என்று சொல்லி விற்றார்கள். அந்த ஏற்பாடு நம் ஊருக்கு வந்தபோது நீச்சல் குளம் வந்தது, கோயில் வந்தது, தியான மண்டபம் வந்தது. கூடவே "இத்தனை நாள் உழைத்தது போதும், இனி உட்காருங்கள்" என்ற நம்முடைய பாசமும் வந்து சேர்ந்தது. நீச்சல் குளத்தில் புடவை கட்டிய யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

கும்பகோணம் வீட்டில் அம்மா என்னென்ன செய்திருப்பார் என்று யோசியுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடும்போது குனிந்தும் நிமிர்ந்தும் நகர்வது. கொடியில் புடவையை வீசிப் போடக் கையைத் தலைக்கு மேல் தூக்குவது. குடத்தை இடுப்பில் ஏற்றுவது, பரணில் இருந்து பாத்திரம் எடுப்பது, தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்குவது. இதையெல்லாம் பொற்காலமாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. இந்த வேலைகளில் முதுகும் முட்டியும் போன பெண்களுக்குத்தான் இருபது வருடமாக ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வேண்டுமா வேண்டாமா என்று அவர்களை யாரும் கேட்டதும் இல்லை. ஆனாலும் அறுபது வருடம் இப்படி வேலை பார்த்த உடம்பை ஒரே நாளில் நாற்காலியில் உட்கார்த்தினால் அந்த உடம்பு என்ன செய்யும்?

ஒரு கேள்வி கேட்கிறேன். அம்மா புடவையிலிருந்து நைட்டிக்கு மாறியது எப்போது? சௌகரியத்துக்காக மாறினாரா, கொசுவம் சொருகும்போது தடுமாற ஆரம்பித்ததால் மாறினாரா? புடவை கட்ட இரண்டு காலில் சில நிமிடம் பிடிமானமில்லாமல் நிற்க வேண்டும், சுற்ற வேண்டும், குனிந்து ஓரம் சரிபார்க்க வேண்டும். எனக்கு இது எந்தக் கருவியையும்விட நல்ல சோதனை. பல வீடுகளில் நைட்டி வந்த மாதத்தைக் கேட்டாலே சரிவு தொடங்கிய மாதம் தெரிந்துவிடும்.

இனி செய்ய வேண்டியது. எதற்கும் முன்னால் ஒரு பொது மருத்துவரிடம், கிடைத்தால் முதியோர் நல மருத்துவரிடம், முழுமையாக ஒருமுறை காட்டுங்கள். ரத்த அழுத்தத்தைப் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நின்றதும் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், அம்மாவின் பயத்துக்குத் தலைச்சுற்றல் காரணமாக இருக்கலாம், மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கலாம். தூக்க மாத்திரை ஏதும் போடுகிறாரா, வைட்டமின் டி, பி12, தைராய்டு, ரத்தச்சோகை, கண்புரை இவற்றையும் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கக் கை கால் திடீரென்று வலுவிழந்தாலோ, பேச்சு குழறினாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் கால்கள் மரத்துப்போனாலோ அன்றைக்கே மருத்துவமனை. கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோலச் சின்னச் சின்ன எட்டாக நடந்தாலும், கை நடுங்கினாலும் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முட்டித் தேய்மானம் இருக்கும்தான். எழுபத்து நாலு வயதில் எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியாதவர்கள் குறைவு. தேய்ந்த முட்டிக்கு ஓய்வு மருந்தில்லை. தொடைத்தசை வலுவாக இருந்தால்தான் முட்டி தன் சுமையை இறக்கி வைக்க முடியும். வலிக்கிறது என்று உட்கார்ந்தால் தசை கரையும், தசை கரைந்தால் முட்டி இன்னும் வலிக்கும்.

அடுத்த முறை போகும்போது மூன்று அளவுகளை நீங்களே எடுங்கள். அம்மா அப்பா இருவருக்கும்.

முதலாவது நாற்காலி. சுவரில் ஒட்டிப் போட்ட, சுமார் 17 அங்குல உயரமுள்ள கெட்டியான நாற்காலி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார்? எழுபதிலிருந்து எழுபத்து நாலு வயதுப் பெண்ணுக்குப் பத்துக்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு. அப்பா வயது ஆணுக்குப் பதினொன்று. கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியவில்லை என்றால் கணக்கு பூஜ்யம். பூஜ்யம் வந்தாலும் கலங்க வேண்டாம், எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொள்ளத்தான் இது. நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இரண்டாவது வராந்தா. அங்கே போட்டிருப்பது பெரும்பாலும் இரண்டடி டைல்ஸாக இருக்கும். பத்து டைல்ஸ் என்றால் ஏறக்குறைய 6 மீட்டர். வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி, முதல் கோட்டைத் தாண்டும்போது ஆரம்பித்து நொடியை எண்ணுங்கள். 6 நொடிக்கு மேல் ஆனால் நொடிக்கு 1 மீட்டருக்கும் குறைவான வேகம். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019இல் தசைநலிவைச் சந்தேகிக்கச் சொன்ன எல்லை அதுதான்.

மூன்றாவது, ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரல்களைத் தொடும்படி முன்பின்னாக வைத்து 10 நொடி நிற்பது. முடியாவிட்டால் விழும் அபாயம் கூடுதல் என்று எடுத்துக்கொள்ளலாம். இதில் அப்பா உங்களை ஆச்சரியப்படுத்தக்கூடும், அவரிடம் பிறகு வருகிறேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு செய்தி. 1994இல் பாஸ்டனில் முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் நூறு பேரை எடுத்துக்கொண்டார்கள். சராசரி வயது 87. பலர் கம்போ வாக்கரோ இல்லாமல் நடக்க முடியாதவர்கள். பத்து வாரம், வாரத்துக்கு மூன்று நாள், கால்களுக்கு எடை வைத்துக் கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி செய்தவர்களின் தசைவலு இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. மாடிப்படி ஏறும் திறன் கூடியது. அதே ஆய்வில் சிலருக்குப் பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் கொடுத்தார்கள், அதனால் வலுவில் பலன் ஏதும் தெரியவில்லை. பெங்களூரிலிருந்து புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கி அனுப்பும் எண்ணம் இருந்தால் இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள். புரதம் வேண்டும்தான். உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது வயதானவர்களுக்குச் சொல்லப்படும் அளவு. அம்மா 58 கிலோ இருந்தால் நாளைக்கு அறுபது எழுபது கிராம். மூன்று இட்லி, சாதம், கூட்டு, மோர், இரவு கஞ்சி என்ற சாப்பாட்டில் நாற்பதைத் தொட்டாலே அதிகம். மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், கெட்டியான பருப்பு, மோருக்குப் பதில் தயிர், சாப்பிடுவாரென்றால் முட்டை. சிறுநீரகத்தில் குறை இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

அம்மாவுக்கான பயிற்சியை உள்ளூர் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் பார்த்துத்தான் அமைக்க வேண்டும். படுக்கவைத்துக் கரண்ட் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் போகிறவராக இருந்தால் வேறு ஒருவரைத் தேடுங்கள். என் தொழிலைச் சேர்ந்தவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை. நல்லவர் என்றால் முதல் நாளே அம்மாவை நாற்காலியிலிருந்து எழச் சொல்வார். உயரம் கூட்ட இரண்டு கெட்டித் தலையணை போட்டு எளிதாக்குவார், வாராவாரம் ஒன்றைக் குறைப்பார். எழும்போது கால் பாதத்தை முட்டிக்குப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து, பிறகு எழ வேண்டும். அம்மா எழ முடியாமல் பின்னால் விழுகிறார் என்றால் பாதிக் காரணம் நிமிர்ந்தபடியே எழப் பார்ப்பதுதான். சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, பக்கவாட்டில் நடப்பது எல்லாம் பின்னால் வரும். சுமை வாராவாரம் கொஞ்சம் கூட வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் கை கால் ஆட்டல்தான். வாரத்துக்கு மூன்று நாளாவது வலுவும் சமநிலையும் சேர்ந்த பயிற்சி வேண்டும் என்று 65 வயது தாண்டியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனமும் 2020இல் சொல்லியிருக்கிறது.

அந்தப் பயிற்சி நேரத்தைவிட மீதி நாள் முழுவதும் அம்மா என்ன செய்கிறார் என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம். டிபன் கேரியரை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், பட்டினி கிடப்பார். நாலு மணிக் காபி அறைக்கு வருவதை முதலில் நிறுத்துங்கள். காபிக்கு நடப்பார், காபிக்கு நடக்காத தஞ்சாவூர்க்காரரை நான் பார்த்ததில்லை. நூறாவது எட்டில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போடச் சொல்லுங்கள். வழியில் உட்கார இடம் உண்டு என்று தெரிந்தாலே பாதி பயம் போகும். இரண்டு வாரம் கழித்து மதியச் சாப்பாடு. இரவுச் சாப்பாடு கடைசியில், அதுவும் வழியில் விளக்கு நன்றாக இருந்தால்.

அறையில் ஒரு சின்னச் சமையல் மேடை இருக்குமே, அதில் இப்போது மருந்துச்சீட்டும் பழைய காலண்டரும் இருக்கும். அதைக் காலி செய்து பில்டரையும் இண்டக்ஷன் அடுப்பையும் வையுங்கள். காலைக் காபி அம்மா போடட்டும், அப்பாவுக்கும் சேர்த்து. தன் உள்பாவாடை, ரவிக்கையை மட்டுமாவது தானே அலசிப் பிழிந்து உலர்த்தட்டும். பிழிவது கைப்பிடி வலுவுக்கு, உலர்த்துவது தோளுக்கு. நர்ஸிடம் சொல்லி மாத்திரையை அம்மாவே டப்பாவில் பிரிக்கட்டும், நர்ஸ் சரிபார்த்தால் போதும். தொட்டியில் துளசியோ கறிவேப்பிலையோ ஒன்று வாங்கிக் கொடுங்கள். தண்ணீர் அம்மாதான் ஊற்ற வேண்டும், தோட்டக்காரர் தொடக் கூடாது. செடி விஷயம் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1976இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு செடி கொடுத்தார்கள். ஒரு மாடியில் இருப்பவர்களிடம் "உங்கள் செடி, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்; உங்கள் நாளை எப்படி நடத்துவது என்பதும் உங்கள் விருப்பம்" என்றார்கள். இன்னொரு மாடியில் செடிக்கு நர்ஸ்களே தண்ணீர் ஊற்றினார்கள். மூன்று வாரத்தில், பொறுப்பு கிடைத்தவர்கள் கூடுதல் சுறுசுறுப்பாகவும் மலர்ச்சியாகவும் ஆகியிருந்தார்கள்.

முழுநேர ஆள் இப்போது வேண்டாம். குளிக்கும் அரைமணி நேரத்துக்கு மட்டும் ஒருவர் குளியலறை வாசலில் இருக்கட்டும். அவரிடம் நீங்கள் நேரில் பேச வேண்டும்: அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. அது தோள்பட்டையைக் கெடுக்கும், எழும் முயற்சியையும் கெடுக்கும். பக்கத்தில் நிற்கலாம், தடுமாறினால் பிடிக்கலாம். அம்மா எழ முப்பது நொடி ஆனால் அந்த முப்பது நொடியும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை, இதற்குத்தான் சம்பளம் என்று சொல்லுங்கள். குளியலறையில் சுவரோடு சேர்த்து அடித்த கைப்பிடிக் கம்பிகள், வழுக்காத தரைவிரிப்பு, உட்கார்ந்து குளிக்க ஒரு கெட்டி ஸ்டூல் இவற்றை உடனே செய்யுங்கள். இவை அம்மா தானே குளிக்க உதவுகிறவை. சக்கர நாற்காலி விமான நிலையத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வாடகைக்குக் கிடைக்கும், வாங்கி அறைக்குள் நிறுத்தாதீர்கள். கண்ணெதிரே இருந்தால் யாராவது உட்காரச் சொல்வார்கள். கம்பு வேண்டியிருக்கலாம். "கம்பு ஊன்றினா கிழவி" என்பார். வலிக்கும் முட்டிக்கு எதிர்க்கையில், மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் இருக்க வேண்டும்.

இனி அப்பா. நாற்பது நிமிட வாக்கிங் நல்லது, நெஞ்சுக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும். ஆனால் நான் பார்க்கும் வாக்கிங் எல்லாம் நாலு நண்பர்கள் அரசியல் பேசிக்கொண்டு சமதரையில் போகும் வாக்கிங். அதில் தொடைக்குப் பெரிய வேலை இல்லை, கைக்கு எதுவுமே இல்லை, சமநிலைக்குச் சவால் இல்லை. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிப் பத்தடி வைக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். தடுக்கும்போது சட்டென்று காலை முன்வைத்துச் சமாளிக்கும் வேகத் தசைகள் வயதாகும்போது முன்னதாகக் குறைபவை, மெல்ல நடப்பது அவற்றைத் தொடுவதே இல்லை. ஒரு மாடி மட்டும் லிப்ட்டை விட்டுப் படியில், கைப்பிடியைப் பிடித்தபடி. வாரத்தில் இரண்டு நாள் கடையிலிருந்து பழமும் காயும் இரண்டு கையிலும் பையாகத் தூக்கி வரட்டும். தலைமையாசிரியரிடம் "பயிற்சி செய்யுங்கள்" என்றால் கேட்க மாட்டார், ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து இருவருடைய அளவையும் வாராவாரம் குறிக்கச் சொல்லுங்கள், தவறாமல் செய்வார்.

அவரிடம் இன்னொன்றும் மெதுவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதாவிட்டாலும் நான் ஊகிக்கிறேன்: தண்ணீர், கண்ணாடி, போன், போர்வை எல்லாவற்றையும் அம்மா கேட்பதற்கு முன்பே அவர்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஐம்பது வருடம் அவள் எனக்குச் செய்தாள், இப்போது நான் செய்கிறேன் என்று நினைக்கும் நல்ல மனிதர்கள் இப்படித்தான் செய்வார்கள். அதை நிறுத்தச் சொன்னால் மனசு நோகும். எதிரில் கொண்டுவந்து நீட்டாமல் மேஜைமேல் வைக்கச் சொல்லுங்கள். மூன்று எட்டு தள்ளி இருக்கும் மேஜை.

பெங்களூருக்கு அழைத்து வரலாமா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு, ஆனால் இந்தக் காரணத்துக்காக வேண்டாம். எட்டாவது மாடி, பகல் முழுவதும் பூட்டிய வீடு, வேலைக்கார அம்மா, சோபா, டிவி. அங்கேயும் அதே நாற்காலிதான், பேச ஆள் மட்டும் குறையும். கோவையில் கொண்டுபோய் விட்டது தவறு என்றும் எனக்குத் தோன்றவில்லை. முதல் வருடம் நன்றாக இருந்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: எங்கள் அம்மா தன் வேலைகளைத் தானே செய்ய எங்களுக்குச் சம்மதம், அதற்காக நாங்கள் உங்களிடம் புகார் சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டு. அவர்களுக்கு அந்தக் கடிதம் எவ்வளவு பெரிய நிம்மதி என்பது உங்களுக்குப் பதில் வரும்போது தெரியும்.

மருத்துவரைப் பார்த்த பிறகு அந்த மூன்று அளவுகளையும் எனக்கு எழுதுங்கள். முட்டி எக்ஸ்ரே அனுப்ப வேண்டாம். அம்மா நாற்காலியிலிருந்து எழுவதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து அனுப்புங்கள். பக்கவாட்டிலிருந்து எடுங்கள், பாதமும் தலையும் இரண்டும் தெரிய வேண்டும். எடுக்கும்போது "பாத்தும்மா, பாத்து" என்று மட்டும் சொல்லாதீர்கள், பயத்தில் நிமிர்ந்துகொண்டுவிடுவார்.